ஆறு போல்ட்டு, அஞ்சு ஓட்டை

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸையும் குத்துவிளக்கு ஏற்றி, போட்டோ எடுத்து, கைதட்டித்தான் அனுப்புவார்கள். வல்லம் வடகால் சிப்காட்டில் டிரெய்லர் செய்கிற கம்பெனி என்று தெரிந்தால் போதும். லாரி இழுத்துப் போகிற நீள வண்டியிலிருந்து மினி வேனுக்குப் பின்னால் கட்டுகிற குட்டி வண்டி வரை எல்லாம் அங்கே செய்வார்கள். கேட்டை ஒட்டி ஒரு பெரிய பலகை. "குறையில்லா நாட்கள்" என்று எழுதி, கீழே எண். தினமும் காலையில் செக்யூரிட்டிக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுவார். உள்ளே என்ன நடந்தாலும் கூட்டுவார். பெயின்ட் ஷாப்பில் தீப்பிடித்து வானமே கறுத்துப்போன அன்றைக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டே ஏறிக் கூட்டினார்.

கேட்டுக்கு எதிர்ப்புறம் ரோட்டோரத்தில் கனகத்தின் டிபன் கடை. நாலு கம்பு, மேலே தகரம், உள்ளே அடுப்பு. தூத்துக்குடி, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து பத்துக்குப் பத்து அறையில் அடைந்து கிடக்கிற பையன்களுக்கு அந்தக் கடைதான் சோறு. கம்பெனிக்குள்ளேயும் கேண்டீன் உண்டு. அங்கே போடுகிற சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சாப்பிடுகிற நேரத்தில் இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள்.

ரோட்டை அகலப்படுத்த நெடுஞ்சாலைத் துறையிலிருந்து வந்தார்கள். கடை எல்லைக்குள் வருகிறது, வருகிற திங்கட்கிழமை இடிப்போம் என்றார்கள். வந்தவர்களில் ஒருவர் நல்ல மனிதர். போகிற போக்கில் காதில் போட்டுவிட்டுப் போனார். "நெலையா நிக்கிற கடைன்னா இடிச்சிடுவாங்கமா. சக்கரத்து மேல நிக்கிற கடைன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வந்தா தள்ளிகினு போ, போனதும் தள்ளிகினு வந்துடு."

கனகம் சக்கரத்துக்கு எங்கே போவாள்? கடை போனால் ஏதாவது ஒரு கம்பெனியில் கக்கூஸ் கழுவுகிற கான்ட்ராக்ட்டில் சேர வேண்டியதுதான். அவள் கொழுந்தன் பெண்டாட்டி ஏற்கெனவே அந்த வேலையில்தான் இருக்கிறாள்.

அப்போதுதான் கம்பெனியின் சமூகப் பொறுப்புத் துறை விழித்துக்கொண்டது. அந்தத் துறைக்கு சுகப்பிரியா என்று ஒரு மேலாளர். சென்னையிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்து போகிறவர். "அக்கா, டிரெய்லர் மேல உங்களுக்கு ஒரு கடையே கட்டித் தர்றோம். நீங்க தொழில் முனைவோர் ஆகப் போறீங்க" என்றார். இத்தனை வருஷம் இட்லி விற்றபோது தான் என்னவாக இருந்தோம் என்று கனகத்துக்குப் புரியவில்லை. ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்தது. கும்பிட்டாள்.

டிரெய்லருக்குச் சக்கரம் மாட்டுகிற வேலை அருள்பாண்டிக்கு வந்தது. விளாத்திகுளத்துப் பையன், கான்ட்ராக்ட் ஆள், மூன்று வேளையும் கனகம் கடையில்தான் சாப்பாடு. சட்டினியைத் தொட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, வண்டி நல்லாத்தான் இருக்கு. அடுப்பு வைக்க மேடை, பாத்திரம் வைக்கத் தட்டு, எல்லாம் ஜம்முன்னு பண்ணிருக்கோம். வீலுதான் ஏற மாட்டேங்கு."

"ஏன்டா?"

"அச்சு முனையில ஹப்புன்னு ஒண்ணு இருக்கும்லா, வீல மாட்டுத குடம், அதுல போல்ட்டு ஆறு நீட்டிக்கிட்டு நிக்கி. வீல்ல ஓட்டை அஞ்சுதான் இருக்கு. எப்படித் திருப்பினாலும் ஒண்ணு இடிக்கி."

"ரெண்டுத்துல ஒண்ண மாத்திட வேண்டியதுதானே?"

"அத நான் சொல்லலாமாக்கா? நான் கான்ட்ராக்ட்டு."

விஷயம் இதுதான். தர்ம காரியத்துக்குப் புதிதாக ஒரு நட்டுக்கூட வாங்கக் கூடாது என்பது ஆலைத் தலைவர் சங்கரநாராயணனின் உத்தரவு. குடோனில் பல வருஷமாக நகராமல் கிடக்கும் சரக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ரத்தான ஒரு ஆர்டரின் சக்கரம் ஒரு மூலையில் கிடந்தது. ரத்தான இன்னொரு ஆர்டரின் ஹப் இன்னொரு மூலையில் கிடந்தது. நகரும் கடைக்கு நகராத சரக்கு. அங்கே யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

கனகம் கம்பெனிக்குள் போனாள். உள்ளே விடுமுன் ஒரு பாதுகாப்புப் படம் பார்க்க வைத்தார்கள். அதில் ஒரு பொம்மை மாடிப்படியிலிருந்து விழுந்து கொண்டே இருந்தது. பிறகு தலைக்கு ஒரு ஹெல்மெட், கண்ணுக்கு ஒரு கண்ணாடி, சேலைக்கு மேலே ஒளிரும் பச்சைச் சட்டை. அந்தக் கோலத்தில் தரத் துறைத் தலைவர் நடேசனின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஏசி அறை. விழுவதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்ற விடவில்லை.

நடேசன் பொறுமையான மனிதர். ஆறையும் அஞ்சையும் தானே நேரில் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வீல் டிராயிங் பார்த்தேன். வீல் கரெக்ட். ஹப் டிராயிங் பார்த்தேன். ஹப்பும் கரெக்ட். ரெண்டுமே கரெக்டா இருக்கும்போது வண்டி எப்படிம்மா தப்பாகும்?"

"ஒண்ணோட ஒண்ணு சேரல சார்."

"சேர்றது என் டிபார்ட்மென்ட் இல்ல. அதுக்குத் தனியா ஒரு டிபார்ட்மென்ட் கேட்டிருக்கோம்."

"அப்போ கொறன்னு எழுதிகினு மாத்திக் குடுங்க சார்."

நடேசனின் முகம் சுருங்கியது. பூஜையறையில் கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி ஆகிவிட்டது. "குறைங்கற வார்த்தையே இங்க கிடையாதும்மா. போன மாசம் எடுத்துட்டோம். இப்போ 'வாய்ப்பு'ன்னுதான் சொல்றோம்."

"செரி சார், அந்த வாய்ப்ப மாத்திக் குடுங்க."

"வாய்ப்பை மாத்தக் கூடாது. ஆராயணும்." எழுந்து போய் வெள்ளைப் பலகை முன்னால் நின்றார். ஜப்பானில் ஒரு முறை இருக்கிறதாம். எதையும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் வந்து நிற்குமாம். பேனாவைத் திறந்தார்.

"ஏன் வீல் மாட்டல?"

"போல்ட்டு ஆறு கீது. ஓட்ட அஞ்சு கீது."

"ஏன் உங்களுக்கு அந்த மாதிரி வண்டி?"

"நீங்கதான் சார் குடுத்தீங்க. என் கடய இடிக்கப் போறாங்கன்னு."

"ஏன் இடிக்கறாங்க?"

"ரோட்டோரத்துல கீது."

"ஏன் ரோட்டோரத்துல வெச்சீங்க?"

"வேற எடம் ஏது? இருந்த நெலம் போச்சு."

நடேசன் உற்சாகமாகிவிட்டார். மூலகாரணத்தை எட்டிப் பிடிக்கப் போகிறவரின் பரபரப்பு. "ஏன் போச்சு?"

கனகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கேண்டீனின் புகைக்குழாய் தெரிந்தது. அவள் மாமனார் நாற்று விட்ட கழனி அதுதான்.

"நீங்க வந்தீங்க. போச்சு" என்றாள்.

நடேசன் பேனாவை மூடினார். "இந்த மாதிரி சின்ன விஷயத்துக்கு நாலு ஏன் போதும்" என்று ஐந்தாவது வரியை உள்ளங்கையால் அழித்தார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஆய்வு முடிவு படத்தோடு ஒட்டப்பட்டது. வாய்ப்பு: சக்கரம் பொருந்தாமை. மூலகாரணம்: பயனாளிக்கு நிலம் இல்லை. நடவடிக்கை: தேவையில்லை.

அருள்பாண்டி அதை இரண்டு தடவை படித்துவிட்டு வந்தான். "அக்கா, ஒங்கிட்ட நெலம் இல்லாததுனாலதான் வீல் ஏறலையாம். அம்புக்குறி எல்லாம் போட்டு ஒட்டிருக்காவ."

"அப்டியா? ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டா தானா ஏறிக்குமா?" என்றாள் கனகம். சிரிக்கவில்லை. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்திலேயே நடேசனுக்கு ஒரு யோசனை பிறந்தது. ஆறு போல்ட்டில் ஒன்றை அறுத்துவிட்டால் அஞ்சுக்கு அஞ்சு சரியாகிவிடும் என்றார். கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிறந்த யோசனைக்கான பதக்கத்தை அங்கேயே மாட்டி கேக் வெட்டினார்கள். கேக்கைத் தின்று முடித்த பிறகுதான் அருள்பாண்டியை அறுக்கச் சொன்னார்கள். அறுத்தான். சக்கரம் அப்போதும் ஏறவில்லை. வெட்கங்கெட்டவர்கள், பதக்கத்தைத் திரும்ப வாங்கவில்லை.

"பந்தியில ஆறு பேர் குந்திகினு கீறாங்க. ஒருத்தன எழுப்பி வுட்டா, மத்தவங்க அஞ்சு எலைக்குத் தக்கன நவுந்தா குந்துவாங்க?" என்று கனகம் கேட்டாள். அவளுடைய கேள்வியை எந்தக் கூட்டத்திலும் எழுப்ப ஆள் இல்லை.

வண்டி வழங்கும் விழா ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அன்றைக்குத்தான் ஆலை விடுமுறை, அன்றைக்குத்தான் சங்கரநாராயணனுக்கு நேரம் இருந்தது. அடுத்த வாரம் அவர் ஜப்பானுக்குப் போகிறார், அங்கே ஒரு மாநாட்டில் "குறையில்லா நாட்கள்" என்ற தலைப்பில் பேச.

போட்டோவில் கம்பெனியின் பெயர் வளைவு முழுதாக விழ வேண்டும் என்பதால் டிரெய்லரை ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கிவந்து கேட்டுக்கு நடுவே குறுக்காக வைத்தார்கள். அடியில் மரக்கட்டைகள். கட்டைகள் தெரியாதபடி சாமந்தி மாலை. சக்கரங்களை ஹப்பின் மேல் சாய்த்து வைத்து, போல்ட்டு தெரியாதபடி அங்கேயும் மாலை. புது வண்டி என்றால் முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தானே எடுப்பார்கள்? நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சை வைத்திருந்தார்கள். நல்ல தேர்ந்த பழங்கள். அவற்றில் குறை சொல்ல முடியாது.

சங்கரநாராயணன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வண்டிக்காக நமது நிறுவனம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நமக்கு இடைஞ்சலாகக் கிடந்த பொருள்களை எல்லாம் ஒன்று சேர்த்து, நமக்கு இடைஞ்சலாக இருந்த ஒரு கடைக்கு வழங்குகிறோம். இந்தச் சகோதரியின் நிலத்தில் நாம் தொழில் செய்கிறோம். நம் வாசலில் அவர் தொழில் செய்கிறார். இதைவிடப் பெரிய சமத்துவம் வேறு என்ன இருக்கிறது? அவருடைய வாழ்க்கைச் சக்கரம் இன்று முதல் சுழலட்டும்."

கனகத்தின் கையில் முழங்கை நீளத்துக்கு ஓர் அட்டைச் சாவியைக் கொடுத்தார்கள். டிரெய்லருக்கு ஏது சாவி என்று அவள் பக்கத்தில் நின்ற சுகப்பிரியாவைக் கேட்டாள். "சும்மா புடிச்சிக்குங்க அக்கா, சிரிங்க" என்றார் சுகப்பிரியா. சிரித்தாள்.

பச்சைக் கொடி அசைந்தது. வண்டி அசையவில்லை. வீடியோக்காரர் தொழில் தெரிந்தவர். ஒரு தள்ளுவண்டியில் தான் ஏறிக்கொண்டு, தன்னை டிரெய்லரின் ஓரமாகப் பின்னோக்கித் தள்ளிப் போகச் சொன்னார். திரையில் பார்த்தால் டிரெய்லர் கம்பீரமாக முன்னால் போனது. எல்லாரும் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"எலுமிச்சம்பழம் நசுங்கலையே?" என்று சுகப்பிரியா கேட்டார்.

"அத எடிட்டிங்ல நசுக்கிக்கலாம் மேடம்."

அந்தக் கைதட்டலின் அதிர்விலோ என்னவோ, சாய்த்து வைத்த சக்கரம் ஒன்று மாலையோடு கழன்று ஒரகடம் ரோட்டில் இறங்கி உருண்டு ஓடியது. செக்யூரிட்டிகள் துரத்திப் பிடித்து வந்தார்கள். அந்த விழாவில் நகர்ந்தது அது ஒன்றுதான்.

எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். டிரெய்லர் கேட்டின் குறுக்கே அப்படியே நின்றது. ஃபோர்க்லிஃப்ட்காரரும் தூக்கிக் கொடுக்கவில்லை. கம்பெனிப் பொருளைத்தான் அவர் தூக்கலாம். இது இப்போது கனகத்தின் பொருள்.

திங்கட்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. ஓட்டியவர் ராஜாமணி, வாலாஜாபாத்துக்காரர். வண்டியை நிறுத்திவிட்டு, "சாமான எடுத்துக்கோக்கா, நான் இன்னா பண்றது, சொன்ன வேலைய செய்யறேன்" என்று காத்திருந்தார். அருள்பாண்டியும் பையன்களும் ஓடி வந்தார்கள். கிரைண்டர், அடுப்பு, சிலிண்டர், இட்லி குண்டான், மாவு வாளி என ஒவ்வொன்றாகத் தூக்கி ரோட்டைத் தாண்டி டிரெய்லரின் மேல் வைத்தார்கள். தகரம் மடங்கி விழுந்த சத்தம் கேட்டபோது கனகம் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். மாவு அன்றைக்கு விற்றே ஆக வேண்டிய பதத்தில் இருந்தது.

நெடுஞ்சாலைத் துறைக்காரர் டேப் பிடித்து அளந்து பார்த்தார். டிரெய்லர் நிற்பது கம்பெனியின் எல்லைக் கல்லுக்கு உள்ளே. "இது நம்ம லிமிட் இல்ல" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் லாரிகள் வந்துவிட்டன. கேட்டுக்குள் போக வழி இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக ஒரகடம் சந்திப்பு வரை நின்று ஹாரன் அடித்தன. டிரைவர்கள் இறங்கி வந்து கனகத்திடம் இட்லி கேட்டார்கள். கம்பெனியிலிருந்தும் இறங்கி வந்தார்கள்.

"அக்கா, வண்டியக் கொஞ்சம் ஓரமா எடுங்க" என்றார் சுகப்பிரியா.

"வீல மாட்டிக் குடும்மா, எடுத்துக்கறேன்."

"மாட்டிதானே குடுத்தோம்? வீடியோல ஓடுது பாருங்க."

"அப்போ வீடியோல ஓடறத நீயே ஓட்டிகினு போ."

சுகப்பிரியா உள்ளே திரும்பிப் போய்ச் சங்கரநாராயணனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், அஞ்சு போல்ட்டு ஹப் ஸ்டோர்லயே கிடக்கு. மாத்திட்டா அரை மணி நேர வேலை. இல்லன்னா ஃபோர்க்லிஃப்ட் வெச்சுத் தூக்கிடலாம்."

சங்கரநாராயணன் அந்தப் பெண்ணைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாத்தினா, முதல்ல மாட்டினது தப்புன்னு ஆகும். தூக்கினா, ஓடற வண்டி ஓடலைன்னு ஆகும். ஓடலைன்னா குறை. குறைன்னா வெளியில இருக்கற பலகை சைபருக்கு வந்துடும். அப்புறம் நான் ஜப்பான்ல போய் எதைப் பேசறது? வண்டியில ஒரு பிரச்சினையும் இல்ல. பிரச்சினை கேட்லதான். கேட் தப்பான இடத்துல இருக்கு."

நடேசன் மெய்சிலிர்த்துப் போனார். இது யாருக்கும் தோன்றவில்லையே என்றார். உடனே கூட்டம் கூடி, காம்பவுண்டு சுவரின் மறு ஓரத்தை இடித்துப் புதுக் கேட் வைப்பது என்று தீர்மானித்தது. அரை மணி நேர வேலையை மிச்சம் பிடிக்க ஆலையை ஒரு நாள் முழுக்க நிறுத்தினார்கள். இவர்கள்தான் நமக்கு நேரத்தின் அருமை பற்றி வகுப்பு எடுக்கிறவர்கள்.

இடிக்க ஆள் தேடி அலையவில்லை. எதிரிலேயே ராஜாமணி வேலை முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காலையில் கனகத்தின் கடையை இடித்த அதே ஜேசிபி, மத்தியானம் கம்பெனியின் சுவரை இடிக்கப் போய் நின்றது. கம்பெனியில் பூஜை போடாமல் எதையும் இடிக்க மாட்டார்கள். ஐயர் வந்தார், கற்பூரம் வந்தது, எலுமிச்சம்பழம் மட்டும் வரவில்லை. சுகப்பிரியா டிரெய்லருக்கு அடியில் குனிந்து, நேற்று வைத்த நாலையும் பொறுக்கி எடுத்துப்போய் ஜேசிபியின் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். ராஜாமணி கியர் போட்டார். நாலும் ஒரே நேரத்தில் நசுங்கின. கேட்டு வாசலில் கரண்டியோடு நின்ற கனகத்தின் காதுக்கே அந்தச் சத்தம் எட்டியது.

மாலையில் ராஜாமணி சாப்பிட வந்தார். தட்டை வைத்தபடி கனகம் கேட்டாள்.

"உன் வண்டி வீலுக்கு எத்தினி போல்ட்டுப்பா?"

"எண்ணுனது இல்லக்கா. மாட்டிக் குடுத்தான், சுத்துது."

மறுநாள் காலையில் செக்யூரிட்டிக்காரர் வழக்கம்போல ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலகைக்குப் போகிற வழியை டிரெய்லர் அடைத்துக்கொண்டு நின்றது. மேலே இட்லி குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நவுத்திக்கோமா, பலகையாண்ட போவணும்."

"நவுராது சார். உங்க கம்பெனி வண்டி" என்றாள் கனகம்.

அவர் புதுக் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, எண்ணில் ஒன்றைக் கூட்டினார்.